இஹ்யாவை எரித்தவர்களும் வாசித்தவர்களும்

இமாம் அபூ அப்தில்லாஹ் அல்-மாஸரி (ரஹ்) அவர்களின் பெயர் எம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரைகளைப் புரட்டியவர்கள் மாத்திரம் அன்னாரைத் தாண்டிச் சென்றிருக்க முடியாது. "அல்-முஃலிம்" என்ற பெயரில் அந்நூலுக்கான ஆரம்பகால விரிவுரைகளுள் ஒன்றை எழுதியவர் அவர். காழி இயாழ் அதனை விரித்து நிறைவு செய்தார். இமாம் நவவி தமது விரிவுரையில் இருவரையும் அடிக்கடி எடுத்தாள்கிறார். தூனிஸியாவின் கடற்கரைப் பட்டினமான மஹ்திய்யாவில் வாழ்ந்து ஹிஜ்ரி 536இல் (1141) வபாத்தான இவரை மாலிக்கி மத்ஹபினர் வெறுமனே "இமாம்" என்று குறிப்பிட்டாலே போதும், யார் என்று விளங்கிவிடும்.

இத்தகைய ஒருவரிடம் இமாம் கஸ்ஸாலியின் "இஹ்யா உலூமித்தீன்" பற்றி அபிப்பிராயம் கேட்கப்பட்டது. அவர் எழுதிய பதிலைத் தாஜுத்தீன் ஸுப்கி (ரஹ்) தமது "தபகாதுஷ் ஷாபிஇய்யா அல்-குப்ரா"வில் பாதுகாத்துத் தந்திருக்கிறார். எங்கள் ஊர் மௌலவி நண்பர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, எழுத்துக் கூட்டித்தான் நான் அந்தப் பகுதியை வாசித்தேன். பதிலின் ஆரம்பத்திலேயே மாஸரி ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறார். தாம் அந்த நூலை வாசிக்கவில்லை என்கிறார். ஆனாலும் கஸ்ஸாலியின் மாணவர்களையும் தோழர்களையும் கண்டிருப்பதாகவும், அவர்கள் ஒவ்வொருவரும் அவரது போக்கைப் பற்றி ஏதோவொன்றைச் சொன்னதாகவும், அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது அது தமக்கு நேரில் கண்டதற்குச் சமமாகிவிட்டது எனவும் எழுதுகிறார். அதன் பின்னர் வருவது ஒரு நீண்ட கண்டனம்.

கேட்டது கண்டதற்குச் சமமாகுமா? இந்தக் கட்டுரைக்கு என்னைத் தூண்டியது அந்த ஒரு கேள்விதான்.

முதலில் மாஸரியின் கண்டனத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கஸ்ஸாலி பிக்ஹில் வல்லவர், ஆனால் உஸூலுத்தீனில் அந்த அளவு ஆழமில்லாதவர் என்கிறார். அந்தக் கலையில் தேறுவதற்கு முன்னரே தத்துவ நூல்களில் இறங்கிவிட்டார், இக்வானுஸ் ஸபாவின் கட்டுரைகளில் மூழ்கினார், இப்னு ஸீனாவின் மேல் சாய்ந்தார் என்கிறார். ஆதாரமற்ற ஹதீஸ்களை நூலில் சேர்த்துவிட்டார் என்றும் குற்றஞ் சாட்டுகிறார். இதற்கு அவர் காட்டும் உதாரணங்களுள் ஒன்று நகம் வெட்டும் ஒழுங்கு. வலது கையின் சுட்டுவிரலில் தொடங்கி, சின்னவிரல் வரை போய், இடது கையைச் சுற்றி வந்து, கடைசியில் வலது பெருவிரலில் முடிக்கும் அந்த வரிசையை எம் வீட்டு மூத்தம்மாமார் எமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இஹ்யாவின் பெயரைக் கேட்டிராத வீடுகளிலும் இஹ்யா இப்படி நுழைந்திருக்கிறது!

இந்தக் குற்றச்சாட்டுகளில் சில சரியானவை. இஹ்யாவில் பலவீனமான ஹதீஸ்களும் மூலம் அறியப்படாத செய்திகளும் உண்டு என்பதை அதன் அபிமானிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கேட்டறிந்த செய்தியில் உண்மை இருக்கவே செய்யும். ஆனால் நாற்பது கிதாபுகள் கொண்ட ஒரு பெருநூலில் எது எத்தனை பங்கு, எந்தக் கருத்து எந்த இடத்தில் எந்த நோக்கத்தோடு சொல்லப்பட்டது என்பதைச் செவிவழிச் செய்தி தராது. தத்துவவாதிகளின் சாயல் கொண்டவர் என்று மாஸரி எழுதிய அதே கஸ்ஸாலிதான் அந்தத் தத்துவவாதிகளை மறுத்து "தஹாபுதுல் பலாஸிபா"வை எழுதியவர்.

ஸுப்கி இந்தப் பதிலை அப்படியே பதிந்துவிட்டு விமர்சிக்கிறார். மாஸரியின் கூர்மதியைப் புகழ்கிறார். அவரது மேதைமையில் தமக்கு ஐயமில்லை என்பதைத் தெளிவுபடுத்துகிறார். பின்னர், வாசிக்காத நூல் பற்றிய தீர்ப்பு அது என்பதை எடுத்துக் காட்டுகிறார். மாஸரி அஷ்அரி அகீதாவில் இம்மியும் விலகாதவர், மாலிக்கி மத்ஹபில் உறுதியானவர், கஸ்ஸாலியோ சில இடங்களில் அஷ்அரியோடும் மாலிக்கோடும் மாறுபட்டவர். மனக்கசப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று ஸுப்கி காரணம் காட்டுகிறார். மத்ஹப் பக்தி மேதைகளின் கண்ணையும் மறைக்கும் என்பதற்கு இதைவிட மரியாதையான ஒரு விளக்கத்தை நான் வாசித்ததில்லை.

மாஸரி கடிதம்தான் எழுதினார். கடலுக்கு அப்பால் அந்தலூஸில் நடந்ததோ வேறு.

இமாம் கஸ்ஸாலி ஹிஜ்ரி 484இல் (1091) பக்தாதின் நிழாமிய்யாவில் பேராசிரியராக அமர்ந்தவர். 488இல் (1095) பதவியையும் செல்வாக்கையும் உதறிவிட்டு வெளியேறினார். அதற்குப் பின்வந்த அலைச்சலும் தனிமையும் நிறைந்த ஆண்டுகளின் விளைச்சலே இஹ்யா. அவரிடம் பக்தாதில் பயின்ற ஸெவில் நகர இளைஞர் அபூபக்ர் இப்னுல் அரபி, 495 அளவில் (1102) அந்தலூஸுக்குத் திரும்பியபோது அவரது நூல்களையும் கொண்டு சென்றார். அந்நாளில் அந்தலூஸையும் மொரோக்கோவையும் ஆண்டவர்கள் முராபிதூன்கள். அவர்களது ஆட்சியில் புகஹாக்களின் கை ஓங்கியிருந்தது. அரசர் அவர்களைக் கேட்காமல் ஒரு காரியமும் செய்வதில்லை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. முராபிதூன்களின் பெருந்தலைவர் யூஸுப் இப்னு தாஷ்பீனின் ஆட்சி சட்டபூர்வமானது என்று கிழக்கிலிருந்து எழுதிக் கொடுத்தவர்களுள் இமாம் கஸ்ஸாலியும் ஒருவர். இப்னுல் அரபியின் தந்தை கேட்டு வாங்கிய பத்வா அது. அந்த யூஸுபின் மகன் அலீயின் கட்டளையின்படிதான் கஸ்ஸாலியின் நூல் எரிக்கப்பட்டது.

ஹிஜ்ரி 503ஆம் ஆண்டு (1109), குர்துபாவின் காழி இப்னு ஹம்தீனும் அவரது சக புகஹாக்களும் கூடி முடிவெடுத்தார்கள். இப்னுல் கத்தான் என்ற வரலாற்றாசிரியர் அந்தக் காட்சியைப் பதிந்திருக்கிறார். பெரிய பள்ளிவாசல் முற்றத்தின் மேற்கு வாசலில், நகரப் பிரமுகர்கள் பார்த்திருக்க, தோல் அட்டைகளோடு சேர்த்து, எண்ணெயில் ஊறவைத்து, இஹ்யாவைக் கொளுத்தினார்கள். தோலும் கனத்த தாளும் இலகுவில் தீப்பிடிக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்போது கஸ்ஸாலி உயிரோடு இருந்தார். இரண்டு வருடங்களுக்குப் பின்னர், 505இல் (1111), தமது சொந்த ஊரான தூஸில் வபாத்தானார்.

இப்னு ஹம்தீன் இஹ்யாவை வாசிக்காதவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் மறுப்பு எழுதியவர். அவர்களுள் சிலர் நன்றாகவே வாசித்திருக்கிறார்கள், அதுதான் அவர்களுக்குச் சுட்டது என நினைக்கிறேன். இஹ்யாவின் முதலாவது கிதாபான "கிதாபுல் இல்ம்"மைத் திறந்து பாருங்கள். பிக்ஹை உலகக் கல்விகளின் வரிசையில் வைக்கிறார் கஸ்ஸாலி. எத்தனையோ ஊர்களில் முஸ்லிமான ஒரு வைத்தியர்கூட இல்லை, இருப்பவர்களெல்லாம் திம்மிகள், அப்படியிருக்க ஏன் எல்லோரும் பிக்ஹின் கருத்து வேறுபாடுகளைப் படிக்க முண்டியடிக்கிறார்கள் என்று கேட்கிறார். பதிலையும் அவரே சொல்கிறார்: வைத்தியம் படித்தால் வக்புச் சொத்துகளை நிர்வகிக்க முடியாது, அநாதைகளின் பொருளுக்குப் பொறுப்பாளராக முடியாது, காழியாக முடியாது. வக்பையும் அநாதைச் சொத்தையும் காழிப் பதவியையும் கையில் வைத்திருந்த ஒரு கூட்டத்தின் முன்னால் இதை வைத்தால் என்ன நடக்கும்?

ஆனால் அந்தலூஸிலும் மக்ரிபிலும் பொதுமக்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் இதுவல்ல. நூல் மார்க்கத்துக்கு முரணானது, அதில் தத்துவமும் வழிகேடும் கலந்திருக்கிறது என்றே சொல்லப்பட்டது. சொன்னவர்கள் வாசித்திருந்தார்கள். கேட்டவர்களுக்கு வாசிக்க வழியில்லை, ஏனெனில் நூல் சாம்பலாகிவிட்டது. எரிப்பதிலுள்ள வசதியே இதுதான். தீர்ப்பைச் சரிபார்க்க ஒருவராலும் முடியாமல் போய்விடுகிறது.

அத்தோடு நிற்கவில்லை. கஸ்ஸாலியின் நூல் எவரிடமாவது காணப்பட்டால் உயிருக்கும் உடைமைக்கும் உத்தரவாதமில்லை என்று அமீர் எச்சரித்ததாக அப்துல் வாஹித் அல்-மர்ராகுஷி எழுதுகிறார். தம்மிடம் இஹ்யா இல்லையென்று சத்தியம் செய்யும்படி மக்கள் வற்புறுத்தப்பட்டார்கள். மொரோக்கோவின் பாஸ் நகரத்துக்கும் இந்தக் கட்டளை வந்தபோது, அங்கிருந்த ஒரு பெரியாரிடம் மக்கள் போய்க் கேட்டார்கள். அவர்தான் அபுல் பழ்ல் இப்னுன் நஹ்வி (வபாத் 513 / 1119), எமது மத்ரஸாக்களில் சிலரேனும் அறிந்திருக்கக்கூடிய "அல்-முன்பரிஜா" கஸீதாவின் ஆசிரியர். வற்புறுத்தி வாங்கப்படும் அந்தச் சத்தியம் எவரையும் கட்டுப்படுத்தாது என்று அவர் பத்வா கொடுத்தார். அவரே இஹ்யாவை முப்பது பாகங்களாகப் பிரதி செய்து வைத்திருந்தவர். ரமழான் வந்தால் நாளுக்கு ஒரு பாகமாக வாசித்து முடிப்பாராம்.

இன்னொரு குரல் அல்மரிய்யா துறைமுகத்திலிருந்து எழுந்தது. அங்கிருந்த அறிஞர் அபுல் ஹஸன் அல்-பர்ஜியிடம் எரிப்புப் பற்றிக் கேட்கப்பட்டது. எரித்தவர் தண்டிக்கப்பட வேண்டும், நூலின் பெறுமதியை அதன் சொந்தக்காரருக்குக் கொடுக்கவும் வேண்டும், ஏனென்றால் அது ஒரு முஸ்லிமின் சொத்து என்று அவர் தீர்ப்பளித்தார். அவ்வூர் புகஹாக்கள் சிலரும் அதில் உடன்பட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பத்வா இது. கஸ்ஸாலியின் கொள்கை சரியா பிழையா என்ற வாதத்துக்குள் பர்ஜி இறங்கவேயில்லை. ஒருவன் காசு கொடுத்து வாங்கிய பொருளை நீ எரித்திருக்கிறாய், காசை எடு என்கிறார். காழியின் கையில் இருந்த அதே பிக்ஹை வைத்தே காழிக்குப் பதில் சொல்லிவிட்டார்.

இதன் பின்னும் நெருப்பு அணையவில்லை. 538இல் (1143) அலீயின் மகன் தாஷ்பீன் வலன்ஸியா மக்களுக்கு எழுதிய கடிதத்தில், வழிகெட்ட நூல்களைத் தேடி எரிக்கச் சொல்கிறார். குறிப்பாக அபூ ஹாமிதின் நூல்கள் என்று பெயர் சொல்லியே எழுதுகிறார். அதாவது முப்பத்தைந்து வருடங்கள் எரித்தும் இஹ்யா வீடுகளில் இருந்திருக்கிறது. நான்கு வருடங்களில் மர்ராகுஷ் வீழ்ந்தது, முராபிதூன்களின் ஆட்சி முடிந்தது. முவஹ்ஹிதூன்கள் வந்தார்கள், கஸ்ஸாலி கௌரவம் பெற்றார். பிறகு யஃகூப் அல்-மன்ஸூரின் காலத்தில் (1184 - 1199) நெருப்பு திசை மாறியது. இம்முறை எரிந்தவை மாலிக்கி மத்ஹபின் பிக்ஹு நூல்கள். பாஸ் நகரத்தில் அவை சுமை சுமையாகக் கொண்டுவரப்பட்டு நெருப்பிலிடப்பட்டதைத் தம் கண்ணால் பார்த்ததாக மர்ராகுஷி எழுதியிருக்கிறார். ஒரு காலத்தில் இஹ்யாவை எரித்தவர்களின் பேரர்கள் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கலாம்.

இஹ்யாவின் எதிரிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எம்மவர் ஒரு கனவைச் சொல்வார்கள். பாஸ் நகரத்து இப்னு ஹிர்ஸிஹிம் என்ற பெரியார் இஹ்யாவை எரிக்கத் தீர்மானித்திருந்தாராம். அன்றிரவு கனவில் அவர் மேல் கசையடி விழுந்ததாம். விழித்தபோது அடியின் நோவு உடம்பில் இருந்ததாம். நூல்களில் இது பல வடிவங்களில் வருகிறது. ஒன்றில் ரஸூலுல்லாஹ்வின் (ஸல்) முன்னிலையில் கஸ்ஸாலியே வந்து முறையிடுகிறார். அடிகளின் தொகையும் நூலுக்கு நூல் மாறுகிறது. வரலாறு படிப்பிக்கிறவன் என்ற வகையில் கனவை நான் சான்றாக எடுக்க மாட்டேன். ஆனாலும் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லா வடிவங்களிலும் அவருக்கு விழுவது அவதூறு சொன்னவனுக்குரிய தண்டனை. பத்தினிப் பெண்ணின் மேல் பழி சொன்னவனுக்கு ஷரீஅத் வைத்த தண்டனையை, நூலின் மேல் பழி சொன்னவனுக்கும் அந்தக் கதைசொல்லிகள் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள்.

கனவு சொல்லி வாயடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் கிராமத்துப் பள்ளிவாசலில் ஒரு சிறிய வாசிகசாலை இருக்கிறது. இஹ்யாவின் தமிழாக்கப் பாகங்கள் சில அதில் இருந்தன. தரீக்கா, தௌஹீத் என்று ஊர் இரண்டுபட்டிருந்த ஒரு காலத்தில் அவை தட்டிலிருந்து காணாமல் போயின. அவற்றை அகற்ற வேண்டுமென்று பேசிய ஓர் இளைஞன் என்னிடம் படித்தவன். எந்தப் பக்கம் பிழை என்று அவனைக் கேட்டேன்.

"பக்கம் தெரியா சேர். நான் வாசிக்கல்ல. பயான்ல கேட்ட. அதுல இட்டுக்கட்டின ஹதீஸ் இரிக்கி எண்டாங்க."

அதே கிழமையில், அந்தப் பாகங்களைத் திரும்ப வைக்க வேண்டுமென்று கோபத்தோடு வந்த ஒரு முதியவரையும் சந்தித்தேன். இஹ்யாவைக் குறை சொன்னால் ஈமான் போய்விடும் என்றார். "நீங்க வாசிச்சிரிக்கீங்களா மாமா?" என்றேன்.

"நாங்க எங்க மனே வாசிக்கிற? ஹஸ்ரத்மார் வாசிச்சிரிக்காங்க. அது போதும்."

இருவரும் நல்ல மனிதர்கள். இருவரும் ஒரே நூலுக்காக ஊரை இரண்டாக்கத் தயாராக இருந்தார்கள். அந்த நூலின் ஓர் ஏட்டையும் இருவரும் புரட்டியிருக்கவில்லை. எதிர்ப்பவனுக்குப் பயானும், ஆதரிப்பவருக்குக் கனவும் நேரில் கண்டதற்குச் சமமாகிவிட்டன. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்லும் ஸூறத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் அந்த நாட்களில் இரண்டு தரப்புப் பயான்களிலும் ஓதப்பட்டது. மாஸரியாவது "நான் வாசிக்கவில்லை" என்று முதலில் எழுதிவைத்தார். அந்த இளைஞனும் கேட்டதும் சொன்னான். அவனுக்குப் பயான் செய்தவர் அப்படிச் சொல்லியிருப்பாரா என்பதுதான் என் ஐயம்.

எல்லாவற்றையும் எல்லோரும் வாசித்துத்தான் ஆகவேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வழிகேட்டை வாசித்தால் வழிகேடு ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம் ஸலபுகளிடமும் இருந்தது. ஹாரிஸ் அல்-முஹாஸிபி முஃதஸிலாக்களை மறுத்து எழுதியபோது, இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அதைக் கண்டித்தார்கள். அவர்களது வாதத்தை முதலில் எடுத்துச் சொல்கிறாயே, வாசிப்பவன் அதில் சிக்கிக்கொண்டு உன் பதிலுக்கு வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்பதே அவர்களது கவலை. இந்தச் சம்பவத்தை "அல்-முன்கித்" என்ற தமது சுயவரலாற்று நூலில் எமக்குச் சொல்வதே கஸ்ஸாலிதான். அவர் பாத்தினிகளின் வாதங்களை ஒழுங்குபடுத்தி எழுதியபோது, அவர்களுடைய வேலையை நீரே செய்து கொடுத்துவிட்டீர் என்று ஒருவர் குறைபட்டாராம். அஹ்மத் அவர்கள் சொன்னது பரவாத சந்தேகத்துக்குப் பொருந்தும், பரவிவிட்ட சந்தேகத்துக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும், அதை உள்ளபடி எடுத்துச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது என்பது கஸ்ஸாலியின் விளக்கம்.

இந்த விளக்கத்தில் ஒரு வரம்பு தெரிகிறது. ஒரு நூலை வாசிக்காமல் விலகிக்கொள்ளும் உரிமை எவருக்கும் உண்டு. விலகியிருப்பவர் தீர்ப்புச் சொல்ல வரும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது. ஒரு பொருளைப் பற்றிய தீர்ப்பு, அந்தப் பொருளைச் சரியாக விளங்கிக்கொள்வதன் கிளை என்று உஸூல் கலையில் ஒரு விதி இருக்கிறது. எமது அரபுக் கல்லூரிகளில் முதலாம் வருட மாணவனுக்கும் அது பாடம்.

கஸ்ஸாலி அந்த விதியின்படி நடந்தவர். தத்துவவாதிகளை எதிர்க்க முடிவு செய்ததும், பக்தாதில் முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே, கிடைத்த ஓய்வு நேரத்தில், ஆசிரியரின் உதவியின்றி அவர்களது நூல்களை வாசித்ததாகச் சொல்கிறார். இரண்டு வருடங்களுக்குள் வாசித்து முடித்து, பின்னர் ஒரு வருடம் அவற்றை மனதில் புரட்டிக்கொண்டே இருந்தாராம். (பாடசாலை முடிந்து வந்து பத்திரிகை வாசிக்கவும் நேரமில்லை என்று சொல்லும் என் போன்ற ஆசிரியர்கள் கவனிக்க.) அவர்களது கொள்கைகளை விருப்பு வெறுப்பில்லாமல் விளக்கி அவர் எழுதிய நூல் "மகாஸிதுல் பலாஸிபா". மறுப்பு நூலான "தஹாபுத்" வேறு. அந்த விளக்கம் எவ்வளவு நேர்மையாக இருந்ததென்றால், அதனாலேயே அவருக்கு இன்னொரு பழி வந்தது. மகாஸித் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலிதோவில் லத்தீனுக்கு மொழிபெயர்க்கப்பட்டது. இது எனது கருத்தல்ல, மறுப்பதற்காகவே விளக்குகிறேன் என்று அவர் எழுதியிருந்த முன்னுரை பெரும்பாலான லத்தீன் பிரதிகளில் இடம்பெறவில்லை. ஆகவே ஐரோப்பியக் கல்விக்கூடங்கள் "அல்கஸல்" என்பவரை இப்னு ஸீனாவின் சீடரான ஒரு தத்துவவாதியாகவே நூற்றாண்டுக் கணக்கில் கருதிவந்தன. மஹ்திய்யாவில் மாஸரி செவிவழியாக எந்த முடிவுக்கு வந்தாரோ, பாரிஸில் கிறிஸ்தவ பாதிரிமார் முன்னுரையில்லாத பிரதியை வைத்து ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார்கள்.

பாஸ் நகரத்துச் சத்தியத்தைப் பற்றி எழுதும்போது எனக்கு 2019ஆம் ஆண்டு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின்வந்த வாரங்களில், தேடுதல் நடக்கிறது என்ற பேச்சுக் கேட்டதும், அரபெழுத்து இருந்த ஒரே காரணத்துக்காக வாப்பாவின் கிதாபுகளைக் கிணற்றில் போட்டவர்களையும் அடுப்பில் வைத்தவர்களையும் நான் அறிவேன். அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று தேட வந்தவர்களுக்கும் தெரியாது, பல வீடுகளில் எரித்தவர்களுக்கும் தெரியாது. இஹ்யாவும் அவற்றில் இருந்திருக்கும். குர்துபாவில் கூட காழி ஒருவர் வாசித்துவிட்டுத்தான் எரித்தார்.

அடுத்த வருடம் நடந்ததை எமது எழுத்துலகம் அறியும். கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 2017இல் வெளிவந்த அவரது "நவரசம்" கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் பரப்புவதாகக் குற்றஞ் சாட்டப்பட்டது. தமிழில் எழுதப்பட்ட கவிதைகள், மொழிபெயர்ப்பின் வழியாக, தமிழ் வாசிக்காதவர்களின் மேசையில் எடைபோடப்பட்டன. அதே தொகுதியில் வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் இருப்பதைத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் எடுத்துக் காட்டினார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒன்றரை வருடத்துக்கு மேல் அவர் தடுப்பில் இருந்த காலத்தில், எம்மவர் பலரும் அந்த நூலைப் பற்றிப் பேசினார்கள். ஆதரித்தும் பேசினார்கள், எமக்கேன் வம்பு என்று ஒதுங்கியும் பேசினார்கள். நான் கேட்டுப் பார்த்த அளவில், தொகுதியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலர்.

இஹ்யாவுக்குத் திரும்புவோம். எரித்தவர்களின் கதை குர்துபாவோடும் பாஸோடும் முடிந்தாலும், குறை கண்டவர்களின் கதை முடியவில்லை. பக்தாதில் இப்னுல் ஜவ்ஸி (வபாத் 597 / 1201) இஹ்யாவின் பிழைகளைத் தொகுத்து ஒரு தனி நூலே எழுதினார். கடுமையான விமர்சகர் அவர். ஆனால் அதோடு கையைக் கழுவிக்கொள்ளாமல், பிழையென்று தாம் கண்டவற்றை நீக்கி, "மின்ஹாஜுல் காஸிதீன்" என்ற பெயரில் இஹ்யாவைத் திருத்தி எழுதினார். அதன் சுருக்கம் இன்றும் வாசிக்கப்படுகிறது, கஸ்ஸாலியின் பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பவர்களின் வீடுகளிலும் அது இருக்கிறது. மாஸரிக்குப் பதில் சொன்ன ஸுப்கி, இஹ்யாவில் தமக்கு அறிவிப்பாளர் தொடர் கிடைக்காத ஹதீஸ்களை எல்லாம் தேடி, கிதாப் வாரியாகப் பட்டியலிட்டார். எதிரிகளுக்கு எவ்வளவு வசதியான பட்டியல்! அதைச் செய்தவர் கஸ்ஸாலியின் பெரும் அபிமானி.

பிறகு வந்தார் கெய்ரோவின் ஸைனுத்தீன் அல்-இராக்கி (வபாத் 806 / 1404), இப்னு ஹஜர் அஸ்கலானியின் ஆசிரியர். இஹ்யாவில் வரும் ஹதீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தார். இது புகாரியில் இருக்கிறது, இது திர்மிதியில் இருக்கிறது, இதன் தொடர் பலவீனமானது, இதற்கு மூலமே கிடைக்கவில்லை என்று குறித்துக்கொண்டே போனார். ஒரு மனிதன் தன் வாலிபத்தில் தொடங்கிய வேலை அது. புகழ்ச்சியும் இல்லை, வசையும் இல்லை, கணக்கெழுதுவதைப் போல. இன்று அச்சில் கிடைக்கும் இஹ்யாப் பதிப்புகள் பலவற்றில் இராக்கியின் குறிப்புகள் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கின்றன. மேலே கஸ்ஸாலி, கோட்டுக்குக் கீழே அவரைச் சரிபார்த்தவர்.

தஹாரத் பற்றிய கிதாபில் நகம் வெட்டும் இடத்துக்கு வந்தபோதும் இராக்கி நின்று தேடியிருக்கிறார். அந்த வரிசைக்குத் தாம் எந்த மூலத்தையும் காணவில்லை என்று குறித்துவிட்டு, இதனை மாஸரி ஏற்கனவே மறுத்து கஸ்ஸாலியைக் கடுமையாகச் சாடியிருக்கிறார் என்பதையும் கூடவே எழுதி வைத்திருக்கிறார்.